யார் நீக்கினார் என்று தெரிகிறது, ஏன் என்று தெரியவில்லை

கேள்வி: குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு மூன்று அட்மின்கள், அதில் நான் ஒருவன். ‘இன்னைக்கு ராத்திரி புயல், யாரும் தொழிலுக்குப் போகாதீங்க’ என்று தேதியே இல்லாத ஆடியோ ஒன்றை ஒருவர் போட்டார். நீக்கிவிட்டேன். ‘உன் சொந்தக்காரன் போட்ட கட்சிப் படத்தை மட்டும் விட்டுவச்சியே’ என்று சண்டைக்கு வந்தார். இன்னொரு அட்மினும் அவர் பக்கம். சிலர் வேறு குழு தொடங்கப்போவதாகச் சொல்கிறார்கள். அவரை வெளியேற்றலாமா? யாரோ போட்டதற்குப் போலீஸ் கேஸ் வந்தால் நான் மாட்டுவேனா?

பதில்: வெளியேற்றாதீர்கள். ஆடியோவை நீக்கியது சரிதான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் புரட்டிப்போட்ட கரை இது. கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளில் இப்படியொரு குரல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, பொய்ச் செய்தி கேட்டுப் பழகியவர்கள் மெய்யான எச்சரிக்கையையும் தள்ளிவிடுவது. கள்ளக்கடல், அதாவது புயலோ காற்றோ இல்லாமலே திடீரென எழும் பேரலை, பற்றிய எச்சரிக்கை விடப்பட்டிருந்த 2024 மே மாதத்தில்தான் நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது.

ஆனால் நீங்கள் நீக்கிய விதத்தில்தான் சண்டை முளைத்தது. அட்மின் ஒரு பதிவை நீக்கினால், நீக்கியவர் பெயரை வாட்ஸ்அப் எல்லோருக்கும் காட்டுகிறது. காரணத்தைக் காட்டுவதில்லை. வெறும் பெயரைப் பார்ப்பவர், ‘இவனுக்கு நம்மேல் என்ன கோபம்?’ என்றுதான் யோசிப்பார். ஊரில் பழைய பகை எதாவது இருந்தால் காரணம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் நீக்கிய கையோடு எழுதிவிடுங்கள்: ‘ஆடியோவில் தேதி இல்லை, வானிலை மையத்தின் இன்றைய அறிக்கையில் புயல் இல்லை, அதனால் எடுத்தேன்.’ நீக்கும் முன் அதை அட்மின்களுக்கான தனிக் குழுவுக்கு அனுப்பி வையுங்கள். என்ன நீக்கப்பட்டது என்பதே இல்லாமல் போனால் பிறகு ஆளுக்கொன்று சொல்வார்கள்.

கட்சிப் பட விஷயத்தில் அவர் கேட்டது நியாயம். அரசியல் பதிவு கூடாது என்றால் சொந்தக்காரருக்கும் கூடாது. இப்போது நீக்க முடியாவிட்டாலும், விட்டது தவறு என்று குழுவிலேயே சொல்லுங்கள். அவர் வீட்டுக்கு நேரில் போய் ‘அண்ணே, அதில் நீங்க சொன்னது சரி’ என்று சொல்லிவிட்டு வந்தால் பாதிச் சண்டை முடிந்துவிடும்.

இனி புகார் வந்தால் நீக்கியவரே அதை விசாரிக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று அட்மின்களும் உட்கார்ந்து, அட்மின் அல்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கோயில் பங்குப்பேரவையில் (ஊர்த் தேவாலய நிர்வாகக் குழுவில்) இருந்தவரோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ, இரு பக்கமும் மதிக்கிற ஆள். பதிவு திரும்ப வரலாம் என்று அவர் சொன்னால் நீங்களே போடுங்கள். உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும்தான். இதை முடிவு செய்யும்வரை எந்த அட்மினும் இன்னொருவரைப் பொறுப்பிலிருந்து இறக்க வேண்டாம். வாட்ஸ்அப் அதற்கு இடம் தருகிறது, ஊர் தாங்காது.

சட்டத்தைப் பற்றி: உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்கள் குழு ஒன்றைப் பற்றிய வழக்கில், அட்மின் வேலை தவிர வேறெதுவும் செய்யாதவர் என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்களிலிருந்து அவர் பெயரை நீக்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது. நம் மாவட்டமும் அந்தக் கிளையின் கீழ்தான். 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே வழியில் தீர்ப்பளித்தது. நீங்களே பகிர்ந்தாலோ திட்டமிட்டு உடந்தையாக இருந்தாலோ கதை வேறு.

கடல் செய்திக்கு அட்மின்கள் மட்டும் எழுதும் தனிக் குழு தொடங்குங்கள். வானிலை மையம், இன்காய்ஸ் (அலை, கடல் நிலை எச்சரிக்கை தரும் மத்திய அரசு நிறுவனம்), மீன்வளத் துறை அறிவிப்புகள் மட்டும், தேதியும் நேரமும் தெரியும்படி. பிரிந்துபோகிறவர்கள் போகட்டும், தடுக்காதீர்கள். அவர்கள் தொடங்கும் குழுவிலிருந்தும் ஒருவரை இதற்கு அட்மினாக்கி, இரண்டு பக்கமும் ஒரே எச்சரிக்கை ஒரே நேரத்தில் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.