பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2021இல் நார்வே பெற்ற 6.72 புள்ளி ஒரே வருடத்தில், 2022இல், 92.65 ஆனது எப்படி?

தட்டச்சுப் பிழை இல்லை, அளவுகோலையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2021 வரை புள்ளி குறைந்தால் நல்லது. 2022 முதல் 100தான் உச்சம். பழைய தரவுக் கோப்பையும் புதியதையும் அப்படியே ஒரே எக்செல் தாளில் ஒட்டியிருப்பீர்கள்.

6.72ஐ 100இலிருந்து கழித்துப் பாருங்கள், 93.28 வரும். இரண்டு வருடமும் நார்வேதான் முதலிடம், அதனால் கணக்கு பொருந்துகிறது.

ஆனால் உடனே இரண்டையும் இணைத்து வரைபடத்தில் கோடு இழுத்துவிடாதீர்கள். 2022இல் கேள்வித்தாளும் மாறியது. அரசியல், பொருளாதாரம், சட்டம், சமூகம், பாதுகாப்பு என ஐந்து தலைப்புகளில் தனித்தனிப் புள்ளி. 93.28 → 92.65ஐ ‘சரிவு’ என்று எழுதினால் உங்கள் ஆய்வு வழிகாட்டி பிடித்துக்கொள்வார். வரைபடத்தில் 2021க்குப் பிறகு கோட்டை வெட்டிவிடுங்கள்.

அப்புறம், நாடுகளின் அரசியல், குடிமை உரிமைகளை அளவிடும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பின் 1–7 மதிப்பீட்டைச் சேர்ப்பதாக இருந்தால், அதிலும் இதே தலைகீழ்தான்: 1தான் சிறந்தது.