அந்த நாற்பது டம்ளர் காபி

கேள்வி: வேலூர் தோட்டப்பாளையத்தில், சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் தாத்தா கட்டிய தங்கும் விடுதி இருக்கிறது. நெய் வியாபாரத்தில் சம்பாதித்து 1958-ல் கட்டினார். பன்னிரண்டு அறை, பின்னால் பொதுச் சமையல்கட்டு, கிணறு. தாத்தா 1984-ல் உயில் எழுதாமலே காலமானார். இளம் வயதில் கணவரை இழந்து, குழந்தையும் இல்லாமல் வீடு திரும்பிய அத்தைதான் அன்றிலிருந்து விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். இப்போது 73 வயது. பெரியப்பா மகன்கள், சித்தப்பா, நான் என்று சொத்தில் மூன்று பங்கு. மற்ற இரண்டு பங்குக்காரர்களும் ஏழு மாடி லாட்ஜ் கட்டப்போகும் ஒருவருக்கு இடத்தை விற்க அவசரப்படுகிறார்கள். தெருவே திரண்டு மீட்புக் குழு ஆரம்பித்திருக்கிறோம். ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், மருந்துக் கடைக்காரர், இட்லிக் கடை அம்மா எல்லோரும் இருக்கிறார்கள். முன்பு தங்கிப்போன வங்காளத்துக் குடும்பங்கள்கூடப் பணம் அனுப்புகின்றன. நான்கு லட்சம் சேர்ந்துவிட்டது. ஒழுகும் மாடிக்கு உடனே சிமென்ட் பூசப்போகிறோம். போன ஞாயிறு கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். முழங்கால் வலியோடு அத்தையே அத்தனை பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். அந்த ஒற்றுமையைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பாவின் மனத்தை எப்படி மாற்றுவது? கோர்ட்டுக்குப் போகலாமா?
- வாசகர், வேலூர்

பதில்: தம்பி, சித்தப்பாவை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த நாற்பது டம்ளர் காபியைப் பற்றிப் பேசுவோம்.

கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பணம் சேர்ந்தது, மாடிக்கு என்ன பூசுவது, எல்லாம் இருக்கிறது. அத்தை என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அந்த விடுதியை நாற்பது வருஷமாக நடத்துகிறவரைக் கூட்டத்தில் உட்காரச் சொன்னவர் ஒருவராவது உண்டா? 73 வயதில், முழங்கால் வலியோடு, நாற்பது டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தது யார்? ஒற்றுமையைப் பார்த்துக் கலங்கிய உங்கள் கண்ணுக்கு அடுப்படி தெரியவில்லை. எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் அந்த "மூன்று பங்கு." எந்தக் கணக்கில் மூன்று? உங்கள் தாத்தாவுக்குப் பிள்ளைகள் நான்கு பேர். சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டினார், உயில் எழுதாமல் இறந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் என்று அப்போதே ஆகிவிட்டது. கல்யாணம் ஆனவளா, கணவனை இழந்தவளா என்ற பேச்சே இதில் இல்லை. பாட்டிக்கு வந்த பங்கும், அவரும் உயில் எழுதாமல் போயிருந்தால், பிள்ளைகள் நால்வருக்கும் சமமாகத்தான் இறங்கும். ஆக, நாலில் ஒரு பங்கு அத்தையுடையது. 1989, 2005 ஆண்டுகளில் பெண்களுக்காக வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. உங்கள் அத்தைக்கு அவை வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விற்க நினைக்கிறவர்கள் அவரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள். காப்பாற்ற வந்த நீங்களும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் சண்டையே இல்லை.

ஒன்றை மட்டும் உடனே விசாரியுங்கள். அத்தை எப்போதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா? என் சின்னம்மா போட்டார். அண்ணன்மார் காரில் கூட்டிக்கொண்டு போய், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பேனாவைக் கையில் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ஒரு பட்டுப்புடவை வாங்கித் தந்தார்கள். "அண்ணன் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அன்று அந்த வீட்டில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன். வில்லங்கச் சான்று எடுத்தால் அத்தை கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல வக்கீலிடம் போங்கள். அத்தையையும் உடன் அழைத்துப் போங்கள், அவர் பெயரில் ஆலோசனை கேளுங்கள்.

கோர்ட்டைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அதே சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்க முற்பட்டால் உடன் வாரிசுகளுக்கு முதலில் வாங்கும் உரிமை தருகிறது. விலை ஒத்துவராவிட்டால் கோர்ட் நிர்ணயிக்கும். சித்தப்பாவின் பங்கைப் பொறுத்தவரை அந்த உரிமையோடு முன்னால் நிற்கக்கூடியவர் அவரோடு பிறந்த அத்தைதான். நீங்கள் தேடிக்கொண்டிருந்த வழி சமையல்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த விடுதியின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. அம்மாவின் ஆபரேஷனுக்காக நானும் அந்தப் பக்கத்துத் தெரு ஒன்றில் மூன்று வாரம் தங்கியிருக்கிறேன். பக்கத்து அறையில் ஹவுரா ரயிலில் வந்து காட்பாடியில் இறங்கிய ஒரு குடும்பம். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவர்களுக்குத் தெரியாது. ஒரே அடுப்பில் அவர்கள் மீன் குழம்பு இறக்கியதும் நான் ரசம் வைப்பேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாலும் கதவைத் திறந்து, "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்க ஒரு ஆள் இருந்தார். 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த அந்த ஆஸ்பத்திரிக்கு இன்று எங்கெங்கிருந்தோ ஜனம் வருகிறது. உள்ளே நோயாளியை டாக்டரும் நர்சும் பார்த்துக்கொள்கிறார்கள். நோயாளியோடு வந்து வெளியே காத்திருக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள் உங்கள் அத்தை மாதிரியானவர்கள். வங்காளத்திலிருந்து பணம் வருகிறதே, அது சுவருக்கும் கிணற்றுக்குமா வருகிறது?

இன்னும் கேட்கிறேன். 2022-ல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்து சில பிரிவுகள் அங்கே போய்விட்டன. அதற்குப் பிறகு மாதத்தில் எத்தனை நாள் அறைகள் காலியாகக் கிடக்கின்றன? பங்களாதேஷிலிருந்து ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். அதைச் செய்வது யார்? பணம் தீர்ந்துபோன குடும்பத்திடம் எத்தனை நாள் வாடகை கேட்காமல் இருக்கலாம், எப்போது கேட்டே ஆக வேண்டும்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர் உங்கள் வீட்டில் ஒருவர்தான். விடுதியைக் காப்பாற்றிய மறுநாள் காலை நாலரை மணிக்கு எழுந்து மோட்டார் போடப்போவது குழுவில் யார் என்று முடிவு செய்தீர்களா? செய்யவில்லை என்றால், அத்தை சாகும்வரை உழைக்கட்டும் என்று நாற்பது பேர் சேர்ந்து முடிவு செய்ததாக ஆகிறது.

சிமென்ட் விஷயம்: அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்து மாடி என்றால் பெரும்பாலும் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டதாக இருக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உத்தரம் உளுத்துப்போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். அந்த நான்கு லட்சம் யார் கணக்கில் கிடக்கிறது என்றும் நீங்கள் எழுதவில்லை. உங்கள் சொந்தக் கணக்கில் என்றால் இன்றைக்கே ரசீது போட்டு எல்லாருக்கும் கணக்கு காட்டுங்கள்.

இப்போது உங்களுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். அத்தையிடம் கேட்டால் அவர், "வித்துடுப்பா, எனக்கு முடியலை" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் குழுவைக் கலைத்துவிடுங்கள். பணத்தை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். நாலில் ஒரு பங்கு அத்தை பெயரில் வங்கியில் போடப்படுகிறதா என்று மட்டும் நின்று பாருங்கள். அதன் பிறகு அவர் எங்கே இருப்பார் என்று யாரும் கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது. உங்கள் வீட்டில், கீழ்த்தளத்தில், அவருக்கென்று கதவு வைத்த ஓர் அறையில் இருப்பார். அப்பா இருந்தால் செய்திருப்பார். அப்பா இல்லாததால் அது உங்கள் கடமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

"நடத்தணும்" என்று சொன்னால், அவர் பெயரை முதலில் எழுதி, அவருக்கு மாதச் சம்பளம் போட்டு, அடுப்படிக்கும் மாடிக்கும் இரண்டு ஆள் வைத்துவிட்டு, அப்புறம் உங்கள் பேனரைக் கட்டுங்கள்.

வரும் ஞாயிறு கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். சாயங்காலம் தனியாகப் போங்கள். அத்தையை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, காபியை நீங்கள் போடுங்கள். டிகாக்‌ஷன் சரியாக இறங்காது, பரவாயில்லை. "அத்தை, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். "எனக்கென்னப்பா, நீங்க சொல்றபடி" என்றுதான் முதலில் சொல்வார். அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் வேறு ஏதாவது சொல்லும்வரை உட்கார்ந்திருங்கள். சொன்னதை அப்படியே எனக்கு எழுதுங்கள். அதுவரை சித்தப்பாவுக்குப் போன் போட வேண்டாம்.