போர்ச்சுகல்ல யூதர் தடம் தேடிப் போறவங்களுக்கு: கேள்வி பதில்

வணக்கம் மக்களே. நான் லிஸ்பன்ல வேலை பாக்குறேன், லீவு கெடச்சா பழைய யூதத் தெரு இருக்கிற ஊரா பார்த்து கிளம்பிடுவேன். இந்த விஷயமா நிறைய பேர் கேட்டுட்டே இருந்தீங்க, அதான் மொத்தமா உக்காந்து பதில் போடுறேன்.

ஊர்சுற்றி: லிஸ்பன்ல மட்டும் ரெண்டு நாள் இருப்பேன். யூதர் வரலாறுன்னு பார்க்க என்ன இருக்கு?

கட்டடமா எதிர்பார்த்தா ஏமாந்துருவீங்க, முன்னாடியே சொல்லிடுறேன். பழைய யூதர் தெருக்கள் பெரும்பாலும் 1755 நிலநடுக்கத்தோட போச்சு. ரோசியோ சதுக்கத்துல ஆரம்பிங்க. பக்கத்துலயே சாவோ டொமிங்கோஸ் சர்ச் இருக்கு. 1506 ஏப்ரல், ஊர்ல கொள்ளைநோய், மழை இல்ல, ஜனங்க இந்த சர்ச்ல வேண்டிட்டு இருக்காங்க, அப்ப சிலுவைல ஏதோ வெளிச்சம் தெரியுது, அற்புதம்னு எல்லாரும் சொல்ல, ஒருத்தர் அது மெழுகுவர்த்தி வெளிச்சம் மாதிரி தெரியுதேன்னு சொல்லிட்டார். அவர் கட்டாயமா மதம் மாத்தப்பட்ட யூதர். அவ்ளோதான், வெளிய இழுத்துப் போட்டு கொன்னுட்டாங்க, ரெண்டு சாமியாருங்க முன்னாடி நின்னு தூண்டிவிட, மூணு நாள் கொலைவெறி, 2000 பேருக்கு மேல செத்ததா அந்தக்கால குறிப்புகள் சொல்லுது. சர்ச் வாசல்ல 2008ல நினைவுக்கல் வச்சிருக்காங்க. உள்ளயும் போங்க, 1959ல தீப்பிடிச்சு எரிஞ்ச தூணுங்களை அப்படியே விட்டிருக்காங்க, கல்லு வெடிச்சு பாளம் பாளமா பேந்து கிடக்கும்.

அங்கருந்து நடந்தே வந்தா தேசிய நாடக அரங்கம், வெள்ளைத் தூண் வச்ச பெரிய கட்டடம். இன்க்விசிஷன், அதாவது சர்ச்சோட மத விசாரணை மன்றம், அதோட தலைமை அரண்மனை இருந்த இடம் அது. டூரிஸ்ட் எல்லாம் அது முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு செர்ரி மது குடிக்கப் போயிருவாங்க.

நேரம் இருந்தா ஷாரே திக்வாங்கிற யூத ஜெபக்கூடம், 1904ல திறந்தது. ரோட்டுல நின்னு பார்த்தா சுவரும் கேட்டும்தான். கத்தோலிக்கம் அல்லாத வழிபாட்டு இடம் தெருவப் பார்த்து இருக்கக்கூடாதுன்னு அப்ப சட்டம், அதனால உள்ள தள்ளிக் கட்டுனாங்க.

கேள்விக்குறி: ஸ்பெயின்தானே 1492ல யூதர்களை விரட்டுச்சு? போர்ச்சுகல் எங்க வந்துச்சு?

ஸ்பெயின்ல இருந்து விரட்டினவங்கள்ல பெரிய கூட்டம் பக்கத்து நாடான போர்ச்சுகலுக்குத்தான் வந்துச்சு. ராஜா ரெண்டாம் ஜோவாவோ தலைக்கு இவ்ளோன்னு காசு வாங்கிட்டு எட்டு மாசம் தங்கிக்கங்கன்னார். அதுக்கப்புறமும் போக முடியாதவங்க அடிமை ஆனாங்க, 1493ல அவங்க பிள்ளைங்களைப் பிடுங்கி ஆப்பிரிக்கா பக்கம் சாவோ தோமே தீவுக்கு அனுப்பிட்டாங்க, நிறைய பிள்ளைங்க அங்கயே செத்துச்சு.

அடுத்து வந்த மனுவேல் ராஜாவுக்கு ஸ்பெயின் இளவரசிய கட்டணும், பொண்ணு வீட்டு கண்டிஷன் யூதர் நாட்ல இருக்கக்கூடாது. 1496 டிசம்பர்ல வெளியேத்துற உத்தரவு போட்டார். ஆனா வியாபாரி, வைத்தியர், கணக்குத் தெரிஞ்சவன் எல்லாம் போய்ட்டா நாடு என்னாகும்? அதனால 1497ல துறைமுகத்தை அடைச்சுட்டு, முதல்ல பிள்ளைங்களைப் பிடிச்சு, அப்புறம் பெரியவங்களையும் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்துட்டாங்க. போன்னும் சொல்லிட்டு கதவையும் பூட்டின கதை. அன்னைல இருந்து இவங்க பேரு புதுக் கிறிஸ்தவர். 1536ல இன்க்விசிஷன் வந்துச்சு, 1821 வரைக்கும் இருந்துச்சு. புதுசு பழசுங்கிற பாகுபாட்டை சட்டத்துல எடுத்ததே 1773ல, அப்ப மந்திரியா இருந்த பொம்பால் பிரபுதான்.

ஹிஸ்டரி பிரியை: தோமார் ஜெபக்கூடம் வொர்த்தா? சின்னதுன்னு சொல்றாங்களே.

சின்னதுதான், ஒரு கல்யாண வீட்டு ஹால் அளவுகூட இல்ல. ஆனா கண்டிப்பா போங்க. யூதர் வெளியேத்தத்துக்கு முன்னாடி 15ஆம் நூற்றாண்டுல கட்டி, போர்ச்சுகல்ல முழுசா நிக்கிறது இது ஒண்ணுதான். நாலு தூண், மேல வளைவுக் கூரை. மூலைல அண்ணாந்து பாருங்க, சுவருக்குள்ள மண் ஜாடிய கவுத்து பதிச்சிருப்பாங்க, வாய் மட்டும் ஓட்டையா தெரியும், சத்தம் நல்லா கேக்கணும்னு பண்ணது. மெதுவா ஏதாவது பாடிப் பாருங்க தெரியும். இதுவே அப்புறம் ஜெயிலா இருந்து, சர்ச்சா இருந்து, வைக்கோல் போட்டு வச்சு, மளிகை குடோனாவும் ஆகி, கடைசில 1923ல சாமுவேல் ஷ்வார்ஸ்னு ஒரு போலந்து யூத இஞ்சினியர் சொந்தக் காசுல வாங்கி பின்னாடி அரசாங்கத்துக்கு கொடுத்தார். இப்ப ஆபிரகாம் சக்கூத்தோ பேர்ல மியூசியம். அவர் யாருன்னா வானியல் நிபுணர், வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வர்றதுக்கு முன்னாடி அவர்கிட்டதான் ஆலோசனை கேட்டுட்டு வந்தார். அவருக்கும் அந்த நாட்ல இருக்க முடியல, துனிஸுக்கு ஓடிட்டார்.

லிஸ்பன்ல இருந்து ட்ரெய்ன்ல ரெண்டு மணி நேரம், காலைல போய் சாயங்காலம் திரும்பிரலாம்.

பெல்மோன்ட் ஆசை: 400 வருஷம் ரகசியமா யூதரா இருந்த ஊர்னு படிச்சேன். உண்மையா, இல்ல டூரிஸ்ட் கதையா?

உண்மை. அந்த ஷ்வார்ஸ்தான் இங்கயும் வர்றார். சுரங்க வேலையா 1917ல பெல்மோன்ட் போறார், அங்க ஒரு கடைக்காரர் போட்டிக் கடைக்காரனைக் காட்டி, அவன்கிட்ட வாங்காதீங்க, அவன் யூதன்னு போட்டுக் கொடுக்குறார். இவருக்கு ஆச்சரியம், தேடிப் போய் நானும் யூதன்தான்னு சொன்னா அந்தக் குடும்பங்க நம்பவே இல்ல. உனக்கு எங்க ஜெபம் ஒண்ணும் தெரியலயே, எபிரேயம்னு ஒரு பாஷையான்னு கேக்குறாங்க. கடைசில ஒரு பாட்டி, சரி அந்த பாஷைல ஒரு ஜெபம் சொல்லுன்னாங்க. இவர் "கேள் இஸ்ரவேலே"ன்னு தொடங்குற ஜெபத்தை எபிரேயத்துல சொல்றார். அதுல கடவுளைக் குறிக்கிற அதோனாய்ங்கிற பேர் வந்ததும் பாட்டி ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் சுத்தி இருந்தவங்களைப் பார்த்து, இவர் யூதர்தான், அந்தப் பேர் தெரிஞ்சிருக்குன்னாங்க. அத்தனை தலைமுறைல அவங்ககிட்ட மிஞ்சின எபிரேயம் ஏறக்குறைய அந்த ஒரு பேர்தான்.

இதுல நான் எல்லார்கிட்டயும் சொல்றது, காப்பாத்துனது முழுக்க பொம்பளைங்க. குரு கிடையாது, புத்தகம் கிடையாது, வச்சிருந்தா மாட்டிக்குவாங்க. அம்மா மகளுக்கு வாய்மொழியா சொல்லிக் கொடுத்த போர்ச்சுகீஸ் ஜெபங்கதான் எல்லாம். வெள்ளிக்கிழமை விளக்கை ஏத்தி வெளிச்சம் வெளிய தெரியாத மாதிரி அலமாரிக்குள்ள வைப்பாங்க. யூதரோட பாஸ்கா பண்டிகைய உண்மையான தேதில கொண்டாடாம கொஞ்ச நாள் தள்ளி வைப்பாங்க, ஏன்னா அந்தத் தேதிலதான் வேவு பாக்குறவன் சுத்துவான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கும் போவாங்க, உள்ள நுழையும்போது மரத்தையும் கல்லையும் நான் கும்பிடல, எல்லாத்தையும் ஆளுற கடவுளைத்தான்னு வாய்க்குள்ளயே முனகிக்குவாங்களாம். 1925ல ஷ்வார்ஸ் இதையெல்லாம் புத்தகமா போட்டார்.

இப்ப அங்க 1996ல கட்டின ஜெபக்கூடம் இருக்கு, மியூசியம் இருக்கு. நிறைய குடும்பம் முறைப்படி யூத மதத்துக்கு திரும்பிட்டாங்க, சில வயசானவங்க வீட்டு வழக்கமே போதும்னு இருந்துட்டாங்க. ஒரு வேண்டுகோள், தெருவுல போற பெரியவங்களை நிறுத்தி நீங்க யூதரான்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு பயந்தேதான் அவ்ளோ தலைமுறை ஒளிஞ்சு வாழ்ந்தாங்க. சனிக்கிழமை ஜெபக்கூடத்துக்கு போட்டோ எடுக்கவும் போகாதீங்க.

சந்தேகப்பிராணி: கதவு நிலைல செதுக்கின சிலுவை எல்லாம் ரகசிய யூதர் வீட்டு அடையாளம்னு கைடு சொல்றாரே?

எல்லாத்தையும் நம்பாதீங்க. குவார்டா, த்ரான்கோசோ, காஸ்தெலோ த விதே மாதிரி எல்லையோர ஊர்கள்ல இந்த சிலுவை நிறைய இருக்கு. புதுக் கிறிஸ்தவங்க நாங்களும் கிறிஸ்தவங்கதான்னு காட்டப் போட்டதா இருக்கலாம், சாதாரண கிறிஸ்தவன் வீட்டுக்கு காவலா போட்டதாவும் இருக்கலாம், கல்லைப் பார்த்து பிரிச்சு சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் டூரிஸ்ட் வரணும்னு ஆசை. அலெய்ரான்னு ஒரு சாசேஜும் அப்படித்தான், பன்னிக்கறி சாப்பிடாதத மறைக்க கோழியும் ரொட்டியும் அடைச்சு தொங்கவிட்டாங்கன்னு மெனு கார்டுலயே போட்டிருப்பான், ஆதாரம் கேட்டா கிடையாது. இன்னைக்கு கிடைக்கிறதுல நிறைய பன்னி கலந்ததுதான், பாத்து சாப்பிடுங்க.

கல்லைவிட காகிதம் உறுதி. லிஸ்பன்ல தோர்ரே தோ தோம்போ தேசிய ஆவணக் காப்பகத்துல இன்க்விசிஷன் வழக்குக் கட்டு சுமார் 40,000 இருக்கு, நிறைய ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வீடு பெருக்கினது, சனிக்கிழமை சுத்தமான துணி உடுத்தினது, யார் யாரைக் காட்டிக் கொடுத்தாங்க, வீட்ல என்னென்ன சாமான் ஜப்தி பண்ணாங்க, எல்லாம் எழுதி வச்சிருக்கான். இதைப் பண்றவங்களைக் காட்டிக் கொடுங்கன்னு சர்ச்ல பட்டியல் வேற வாசிப்பாங்க, அதைக் கேட்டே யூத வழக்கம் இதுதான்னு கத்துக்கிட்ட பேரப்பிள்ளைங்களும் உண்டு. அழிக்க நினைச்சவன் எழுதினதுதான் இன்னைக்கு நமக்கு பெரிய ஆதாரம்.

முத்துநகர்: நான் கத்தோலிக்கன். இதெல்லாம் படிக்கும்போது நம்ம திருச்சபைய மட்டும் திட்டுற மாதிரி இருக்கு.

நியாயமான கேள்விங்க. நடந்ததை மூடி மறைக்க முடியாது, ஆனா அந்தக் காலத்துலயே உள்ள இருந்து எதிர்த்தவங்க இருக்காங்க. அந்தோனியோ வியெய்ரான்னு ஒரு சேசு சபை பாதிரியார், புதுக் கிறிஸ்தவங்களுக்காக ராஜாகிட்டயும் ரோமாபுரிலயும் வாதாடுனவர், அவரையே இன்க்விசிஷன் ஜெயில்ல போட்டுச்சு. 1674ல போப்பாண்டவர் போர்ச்சுகல் இன்க்விசிஷன நிறுத்தி வச்சார், 1681ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க. பறிமுதல் பண்ற சொத்து, அரண்மனை அரசியல் எல்லாம் இதுல கலந்திருக்கு. சாவோ டொமிங்கோஸ் வாசல்ல யூத நினைவுக்கல் பக்கத்துலயே திருச்சபை வச்ச கல்லும் இருக்கு, இந்த இடத்துல எபிரேய மக்களுக்கு நடந்த கொடுமைய லிஸ்பன் பேராயர் 2000ல ஒத்துக்கிட்ட வார்த்தைங்க. போர்த்தோல ஒரு பழைய வீட்டை முதியோர் இல்லமா மாத்தும்போது போலிச் சுவருக்குப் பின்னாடி யூத வேதமான தோரா சுருள் வைக்கிற மாடம் கிடைச்சுது, அது என்னவா இருக்கும்னு சந்தேகப்பட்டு விசாரிச்சதே அந்த வேலைய எடுத்து நடத்துன கத்தோலிக்கப் பாதிரியார்தான்.

பட்ஜெட் பயணி: ஷெங்கன் விசா கிடைக்கல. இந்தியாவுலயே இந்த வரலாறு பார்க்க முடியுமா?

முடியும். பழைய கோவால இன்க்விசிஷன் 1560ல வந்துச்சு, நடுவுல கொஞ்ச வருஷம் தவிர 1812 வரைக்கும் இருந்துச்சு. புதுக் கிறிஸ்தவங்களை வேட்டையாட ஆரம்பிச்சது, போகப்போக அதிகமா மாட்டுனது மதம் மாறியும் பழைய சாமிய விடாத நம்ம ஊர் ஜனங்க. அந்த இன்க்விசிஷன் அரண்மனை இப்ப இல்ல. ஆனா கார்சியா த ஓர்த்தாவ படிச்சுட்டு போங்க. காஸ்தெலோ த விதேல பிறந்த வைத்தியர், அப்பா அம்மா ஸ்பெயின்ல இருந்து விரட்டப்பட்ட யூதர், 1534ல கோவா வந்து நம்ம மூலிகைங்களைப் பத்தி 1563ல புத்தகம் போட்டார். 1568ல மரியாதையாத்தான் செத்தார். மறு வருஷமே தங்கச்சி கத்தரீனாவ கோவால உயிரோட எரிச்சாங்க, 1580ல இவர் எலும்பையும் தோண்டி எடுத்து எரிச்சாங்க. இப்ப பணஜில அவர் பேர்ல ஒரு பூங்கா இருக்கு.

அப்படியே கொச்சி. போர்ச்சுகீஸ்காரன் கோட்டை ஒரு பக்கம், மட்டாஞ்சேரில ராஜா அரண்மனைய ஒட்டியே 1568ல கட்டின பரதேசி (வெளிநாட்டுக்காரங்கன்னு அர்த்தம்) யூத ஜெபக்கூடம் இன்னொரு பக்கம். ராஜா இடம் கொடுத்ததாலதான் நின்னுச்சு. 1662ல போர்ச்சுகீஸ்காரங்க அதைச் சேதப்படுத்துனாங்க, அடுத்த வருஷம் டச்சுக்காரன் கொச்சியப் பிடிச்ச பிறகு சரி பண்ணிக்கிட்டாங்க. தரைல நீலமும் வெள்ளையுமா சீன ஓடு, செருப்பைக் கழட்டிட்டுத்தான் போகணும். வெள்ளி மதியத்துக்கு மேலயும் சனியும் போகாதீங்க.

சைவப்பட்சி: சாப்பாடு?

லிஸ்பன்ல கவலையே இல்ல. சின்ன ஊர்ல காய்கறி சூப், ரொட்டி, சீஸ், முட்டை, அவ்ளோதான். கால்தோ வேர்த கீரை சூப்ல ஒரு துண்டு சாசேஜ் போடுவாங்க, வேணாம்னு முதல்லயே சொல்லிருங்க. திங்கக்கிழமை நிறைய மியூசியம் லீவு, அதையும் பாத்து ப்ளான் போடுங்க.