தண்ணீர்த் தொட்டியடியில் ஒருவன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் குறிப்பிட்டிருந்த அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் ‘வெயிட்டிங் ஃபார் எ ட்ரெய்ன்’ பாட்டைக் கேட்டேன். வீட்டை விட்டு ஆயிரம் மைல் தள்ளி, காசில்லாமல் மழையில் படுத்துக் கிடப்பவனின் கதை. மெட்டோ ஜாலியாக ஆடிக்கொண்டு போகிறது. இதில் துக்கம் எங்கே இருக்கிறது? அப்புறம் ஒரு சின்ன சந்தேகம்: ரயிலுக்குக் காத்திருப்பவனுக்குத் தண்ணீர்த் தொட்டியடியில் என்ன வேலை?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

சின்ன சந்தேகத்தை முதலில் பார்த்துவிடலாம். அவன் டிக்கெட் எடுத்தவன் இல்லை. நீராவி எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றே ஆகவேண்டும். அந்த நேரத்தில்தான் சரக்குப் பெட்டியில் திருட்டுத்தனமாக ஏறிக்கொள்ள முடியும். வேலை தேடி இப்படி ஊர் ஊராகப் போனவர்களை அமெரிக்காவில் ஹோபோ என்பார்கள்.

பாட்டில் அவன் பிரேக்மேனிடம், அதாவது ரயிலின் பிரேக்கைக் கவனிக்கும் ஊழியரிடம், பேசிப் பார்க்கிறான். காசு இருந்தால் உன்னை நடக்கவிடமாட்டேன், ஏற்றிக்கொள்கிறேன் என்கிறார் அவர். பைசா இல்லை என்றதும் திட்டி இறக்கிவிட்டு, பெட்டிக் கதவை அறைந்து சாத்துகிறார். வேடிக்கை என்னவென்றால், ராட்ஜர்ஸே பிரேக்மேனாக இருந்தவர். காசநோயால் அந்த வேலையைத் தொடர முடியாமல் பாட்டுக்கு வந்தவர். 1929-இல் எடுத்த குறும்படம் ஒன்றில் ரயில்வே உடுப்போடு இதே பாட்டைப் பாடுகிறார். கதவைச் சாத்தியவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெளியே தள்ளப்பட்டவனின் பாட்டு! எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான்.

சரி, மெட்டு. 1928-இல் பதிவான இந்தப் பாட்டில் கிதாரோடு கார்னெட், கிளாரினெட் என்ற ஊதுகருவிகளும் சேர்கின்றன. நீங்கள் சொல்லும் ஜாலி அந்த ஜாஸ் வாசிப்பின் உபயம். ராட்ஜர்ஸ் அதோடு சேர்ந்து குதிப்பதில்லை, கவனியுங்கள். அழுவதும் இல்லை. பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொல்லிக்கொண்டு போகிறார். சொல் தீர்ந்த இடத்தில் யோடல் வருகிறது: நெஞ்சிலிருந்து வரும் குரல் சட்டென்று உடைந்து மேலே தாவும். பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் ரயில் ஊதலும் அவர் வாயால் எழுப்பியதுதான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்கொன்று சொந்தம் என்று தெரியும். துக்கம் அங்கே இருக்கிறது.

இன்னோர் இடத்திலும் இருக்கிறது. அவனை இறக்கிவிட்டது டெக்சாஸில். எனக்கு ரொம்பப் பிடித்த மாநிலம், சுற்றிலும் வெட்டவெளி, மேலே நிலா, நட்சத்திரம் என்கிறான். நடுவழியில் தள்ளிவிடப்பட்டவன் பேசுகிற பேச்சா இது!