மாவுக்கட்டு பிரித்த பிறகு கால் தசை ஏன் இவ்வளவு சீக்கிரம் சோர்கிறது?

ஆறு வாரம் மாவுக்கட்டு, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, ஆனால் ஒரு மாடி ஏறுவதற்குள் அந்தத் தொடை மட்டும் துவண்டுவிடுகிறது, மூச்சுகூட வாங்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மூச்சு வாங்கவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கின்றன. தட்டுப்பாடு தசைக்குள்ளே.

நான் இயன்முறை மருத்துவர். கட்டுப் பிரித்து வருகிறவர்கள் முதலில் தொடையின் பருமனைத்தான் பார்த்துக் கலங்குவார்கள். மெலிவு உண்மைதான். முழங்காலை ஐந்து நாள் அசைக்காமல் வைத்தாலே ஆரோக்கியமான இளைஞர்களுக்கு முன்தொடைத் தசை சுமார் 3.5 சதவீதம் சுருங்கியதாகவும், வலிமை 9 சதவீதம் குறைந்ததாகவும் அளந்திருக்கிறார்கள். சுருக்கத்தைவிட வலிமை அதிகமாகக் குறைவதற்கு, நரம்புகள் தசையை முழுமையாகத் தூண்டாமல் போவதும் ஒரு காரணம். படி ஏறத் தேவைப்படும் விசையோ மாறவில்லை. முன்பு உங்கள் உச்ச வலிமையில் 40 சதவீதத்தைக் கேட்ட அதே படி, வலிமை மூன்றில் ஒரு பங்கு குறைந்த தொடையிடம் 60 சதவீதத்தைக் கேட்கும்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது கண்ணுக்குத் தெரியாத இழப்பை. தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவது ஏடிபி என்ற மூலக்கூறு. அதன் கையிருப்பு முழு வேகத்தில் சில நொடிகளுக்குத்தான் வரும். செலவான ஏடிபியை உடனுக்குடன் மீண்டும் ஆக்கித்தரும் கிரியேட்டின் பாஸ்பேட் இன்னும் ஒரு பத்து நொடி தாங்கும். அதற்கு மேல் நீடித்து உழைக்க, செல்லுக்குள் ஆற்றல் உலைகளாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் குளுக்கோஸையும் எரித்தாக வேண்டும். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டைத் திரும்ப நிரப்புவதும் பெரும்பாலும் அவைதான்.

கால் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்தால் மைட்டோகாண்ட்ரியாக்களின் அளவும் அவற்றிலுள்ள நொதிகளின் செயல்பாடும் குறைகின்றன. இன்சுலினுக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை, அதனால் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் திறனும் குறைகிறது. கொழுப்பை எரிக்கும் திறன் மங்க, சிறிய வேலைக்கே தசை தனக்குள் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜனில் கைவைக்கிறது. நீண்ட நேரம் தாங்கும் மெதுவகை இழைகளில் ஒரு பகுதி, சீக்கிரம் களைக்கும் வேகவகை இழைகளின் குணத்துக்கு மாறத் தொடங்குகிறது. இவற்றின் விளைவாக, உழைக்கும்போது, ஏடிபியும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் செலவாவதால் வரும் பாஸ்பேட் தசைக்குள் விரைவாகச் சேர்கிறது. அது தசைச் சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் கால்சியம் வெளிவருவதையும் இழைகள் இழுக்கும் விசையையும் தடுக்கிறது. லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் களைப்பு என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அந்த விளக்கம் போதாது.

உடல் முழுவதும் படுக்கையில் கிடந்தால் இதயமும் ரத்த அளவும் சேர்ந்து குறையும். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். அவர்களது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால்பங்குக்கும் மேல் விழுந்தது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, வயது கூடியதால் ஏற்பட்ட இழப்பு அந்த மூன்று வார இழப்பைவிடக் குறைவாக இருந்தது! நான் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வது இதன் மறுபாதியை: படுக்கை முடிந்ததும் கொடுத்த எட்டு வாரப் பயிற்சியில் அவர்கள் தொடக்க நிலையையும் தாண்டி மேலே போனார்கள்.

ஆகவே, சோர்கிறது என்பதற்காகக் காலுக்கு மேலும் ஓய்வு கொடுக்காதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கச் சொல்லும் சமிக்ஞை உழைப்பிலிருந்துதான் பிறக்கிறது. உங்கள் மருத்துவர் எடை ஊன்ற அனுமதித்த அளவுக்குள், சிறிது சிறிதாக, ஒரு நாளில் பலமுறை செய்யுங்கள். நிலைச் சைக்கிள் தாங்கும் திறனுக்கு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது வலிமைக்கு. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இடையில் ஓரிரு நிமிடம் நில்லுங்கள், கிரியேட்டின் பாஸ்பேட் நிரம்ப இப்போது வழக்கத்தைவிட நேரமாகும். புரதத்தில் குறை வைக்காதீர்கள். வயதானவர்களுக்கு மீட்சி மெதுவாக இருக்கும், ஆனால் வரும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலோ திடீரென மூச்சுத் திணறினாலோ அதைத் தசைச் சோர்வு என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.