டைனிங் டேபிளுக்கு மேல் மூன்று தொங்கும் விளக்குகள்: எவ்வளவு உயரம், எவ்வளவு இடைவெளி?

முதலில் ஃபேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் டேபிளுக்கு நேர் மேலேதான் இருக்கும். அந்தக் காற்றில் விளக்குகள் ஆடி ஒன்றோடொன்று இடிக்கும். சுவர் ஃபேனுக்கு மாறுங்கள், இல்லையென்றால் விளக்கு ஆசையை விட்டுவிடுங்கள்.

சரி, இடம் இருக்கிறது என்றால் அடுத்தது உயரம். டேபிள் பலகைக்கும் விளக்கின் அடிப்பகுதிக்கும் நடுவே 30 முதல் 36 அங்குலம் விடுங்கள். எதிரே இருப்பவர் முகம் மறையக்கூடாது, பல்பு கண்ணில் குத்தவும் கூடாது. எலக்ட்ரீஷியன் வயரை வெட்டுவதற்கு முன் ஒரு பலூனைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். வெட்டிய வயர் வளராது!

6 அடி டேபிள், 8 அங்குல அகல விளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று டேபிளின் நடுவில். மற்ற இரண்டும் அதிலிருந்து இருபுறமும் 20 முதல் 22 அங்குலம் தள்ளி. பலர் அறையின் நடுவை அளந்து துளை போட்டுவிடுகிறார்கள். அளக்க வேண்டியது டேபிளின் நடுவை.

வட்ட டேபிளுக்கு வரிசை ஒட்டாது. ஒரே வட்டத் தகட்டிலிருந்து மூன்றையும் ஏற்ற இறக்கமாகக் கொத்தாக விடுங்கள். 30 அங்குலக் கணக்கு அதில் தாழ்வான விளக்குக்கு. கனமான கண்ணாடி விளக்கை ஜிப்சம் சீலிங்கில் மாட்டாதீர்கள், மேலே கான்கிரீட்டில் கொக்கி போடச் சொல்லுங்கள்.

அப்புறம் பல்பு: 2700 அல்லது 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் ஒளி வாங்குங்கள். வெள்ளை வெளிச்சத்தில் சாம்பார்கூட வெளிறித் தெரியும்.