கோட்டையும் இல்லை, ஆறும் இல்லை என்கிறார்கள். போலந்தின் வூச் நகரில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து லோட்ஸ் என்று கேட்டால் அங்கே யாருக்கும் புரியாது. வூச் என்று சொல்லுங்கள். படகு என்று பொருள். ஆறு இல்லாமல் இல்லை, ஊருக்குள் பல சிற்றாறுகள் உண்டு. துணி ஆலைகள் வந்ததே அந்தத் தண்ணீரை நம்பித்தான். பிறகு ஆலைக் கழிவால் அவை நாறிப்போக, நடு ஊரில் பலவற்றை மூடி மண்ணுக்கடியில் விட்டுவிட்டார்கள்.

போலந்தின் பழம்பெரும் நகரான கிராகோவில் இருப்பதுபோல் பழைய சந்தைத் திடலைத் தேடினால் ஏமாற்றம்தான். 1423இல் நகர உரிமை பெற்றும், 400 ஆண்டு கழித்து ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் இது. 1820இல் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்து நிர்வாகம் இதைத் துணித் தொழில் ஊராக அறிவித்தது. மனையும் வரிச்சலுகையும் தந்து ஜெர்மன் நெசவாளர்களை வரவழைத்தது. 1914 வாக்கில் மக்கள்தொகை சுமார் 5 லட்சம்.

அன்று மனை பிரித்த விதம் இன்றும் கண்ணுக்குத் தெரியும். பியோத்ர்கோவ்ஸ்கா தெரு 4 கிலோமீட்டருக்கு மேல் நூல் பிடித்ததுபோல் நேராக ஓடுகிறது. இருபுறமும் முகப்பு குறுகி, கொல்லை மிக நீண்ட மனைகள்: முன்னால் தறி போட்ட வீடு, பின்னால் தோட்டம். பணம் பெருகியதும் முகப்பில் அலங்கார மாடி வீடு எழுந்தது. கொல்லையில் வாடகைக் குடியிருப்பு, பட்டறை, சில இடங்களில் ஆலையே முளைத்தது. அதனால் முகப்பைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்தால் பாதி ஊரைத் தவறவிடுவீர்கள். திறந்திருக்கும் வாசல் வழியே உள்ளே போய்ப் பாருங்கள். 138/140ஆம் எண்ணில் ராமிஷ் என்பவரின் பழைய பருத்தி ஆலை இன்று உணவகமும் கடைகளுமாக இருக்கிறது. 3ஆம் எண்ணின் முற்றச் சுவர்கள் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். கால் வலித்தால் சைக்கிள் ரிக்‌ஷா உண்டு.

தெருவின் தென்பகுதியில் லூட்விக் கெயரின் வெள்ளை ஆலை. ஊரின் முதல் நீராவி எந்திரம் 1839இல் இங்கேதான் ஓடியது. இப்போது ஜவுளி அருங்காட்சியகம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்றபோது கெயர் நொடித்தார். முன்கூட்டியே பருத்தியை வாங்கிக் குவித்திருந்த கார்ல் ஷைப்ளர் கொழித்தார். ஷைப்ளர் கட்டிய க்‌ஷென்ஜி ம்வின் பகுதியை விட்டுவிடாதீர்கள். நூற்பாலை, எதிரே வரிசையாகச் செங்கல் தொழிலாளர் வீடுகள், பள்ளி, கடை, தீயணைப்பு நிலையம்: எல்லாமே முதலாளியுடையவை.

இன்னொரு பெரிய ஆலை இஸ்ராயேல் போஸ்னான்ஸ்கியுடையது. ஆலையை ஒட்டியே அவர் மாளிகை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் தொழிலாளர் குடியிருப்பு. அந்த இடைவெளியில் நின்று மூன்றையும் பார்த்தால் போதும், வழிகாட்டி தேவையில்லை. 1989க்குப் பின் சோவியத் சந்தை போனதும் ஊரின் ஆலைகள் வரிசையாக மூடின. இந்த வளாகம் 2006இல் மனுஃபக்தூரா என்ற வணிக வளாகமாகத் திறந்தது. நூற்பாலை ஓட்டலாகிவிட்டது. கூரைமேல் தீயணைக்கத் தேக்கிய நீர்த்தொட்டிதான் அதன் நீச்சல் குளம்! கடைகள் சலித்தால் மாளிகைக்குள் இருக்கும் நகர அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

இரண்டாம் உலகப் போரில் தலைநகர் வார்சா தரைமட்டமானதுபோல் இங்கே ஆகவில்லை. கட்டடங்கள் தப்பின, மனிதர்கள் தப்பவில்லை. போருக்கு முன் மூன்றில் ஒருவர் யூதர். 1940 ஏப்ரல் 30 அன்று நாஜிகள் சுமார் 1,60,000 யூதர்களை கெட்டோவில், அதாவது யூதர்களுக்கென்று வேலியிட்ட பகுதியில், அடைத்தார்கள். ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்க வைத்தார்கள். 1944 ஆகஸ்டில் எஞ்சியவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ஏற்றி அனுப்பிய ராடெகாஸ்ட் ரயில் நிலையம் இன்று நினைவிடம். வடகிழக்கே தள்ளி இருப்பதால் அதையும் யூதக் கல்லறைத் தோட்டத்தையும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்டம் சனிக்கிழமை திறக்காது. ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

வார்சாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். சீட்டு எடுக்கும்போது கவனம்: ஃபாப்ரிச்னா நிலையம்தான் நடு ஊரில் இருக்கிறது, கலிஸ்கா மேற்கே தள்ளி. ஃபாப்ரிச்னாவை ஒட்டியே பழைய மின் நிலையம், இப்போது அறிவியல் மையமும் கோளரங்கமும். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் என்றால் பியோத்ர்கோவ்ஸ்காவும் க்‌ஷென்ஜி ம்வினும் மட்டும்.